நல்ல கறுப்பு

"ஒங்க கலர்லயே அடிச்சு விட்ருப்பா. கறுப்புன்னா அப்பிடி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கூட வந்த ரெண்டு பேரும் சிரித்தார்கள். என் அக்கா மகன் கையிலிருந்த வாட்டர் பேப்பரை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தான். வேண்டாம் என்று அவனுக்குக் கண்ணால் சொன்னேன்.

ஆலங்குளத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி என் பட்டறை. தகரக் கூரை, ஒரு கம்ப்ரசர், மூணு கன், அக்கா மகனையும் சேர்த்து ரெண்டு பையன்கள். டிங்கரிங், பெயிண்டிங். சிமெண்ட் ஆலைக்கு வந்துபோகிற லாரி, வெம்பக்கோட்டை பக்கத்து பயர் ஆபீஸ் வேன், ராஜபாளையத்திலிருந்து வருகிற கார் எல்லாம் இங்கே நிற்கும். முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல் இந்த வேலை. எத்தனையோ நிறம் அடித்திருக்கிறேன். ஆனால் கறுப்பைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. அந்த ஆள் சொன்னதற்கு அன்றைக்கே ஒரு பதில் சொன்னேன். முழுப் பதில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கறுப்புதான் சோறு போட்டது. எங்கய்யா கரிமூட்டம் போட்டார். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே தழை பரப்பி, ஈரமண்ணைக் குழைத்துப் பூசி, உள்ளே தீயை வைத்து நாள்கணக்கில் புகைய விடணும். காற்று கூடிப்போனால் அத்தனையும் சாம்பல். காற்றே போகவில்லை என்றால் வேகாத கட்டை. மூட்டத்தில் எங்கே வெடிப்பு விடுகிறது, எங்கே புகை நிறம் மாறுகிறது என்று ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து மண் அப்புவார். விடிகாலையில் பார்த்தால் கண்ணும் பல்லும்தான் தெரியும். நல்லா வெந்த கரியை இன்னொரு கரியில் தட்டினால் கிணுங்கென்று வெண்கலம் மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவர் முகத்தில் வருகிற சந்தோசம் கூலி வாங்கும்போது வந்ததில்லை. மரம் இன்னொருத்தருடையது, நிலம் இன்னொருத்தருடையது, மூட்டை போட்டு லாரியில் ஏற்றுகிறவர் இன்னொருத்தர். அந்தச் சத்தம் மட்டும் எங்கய்யாவோடது.

எங்கம்மா கருந்திரி செய்தாள். இந்தப் பக்கத்தில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். வெடிக்குள் தீயைக் கொண்டுபோகிற திரிதான் கருந்திரி. வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் சேர்ந்த கறுப்பு மருந்தைப் பசையோடு நூலில் ஏற்றி வெயிலில் காயவைப்பார்கள். பயர் ஆபீசுக்குள் அதற்கென்று தனி அறை, உரிமம், விதி எல்லாம் இருக்கணும். ஆனால் எங்கள் தெருவில் வீட்டுத் திண்ணையிலும் கொல்லையிலும்தான் நடந்தது. ஏஜென்ட் சைக்கிளில் வந்து நூலையும் மருந்தையும் இறக்குவார். குரோஸ் கணக்குக்குக் கூலி. போலீஸ் வருகிறதென்றால் பாயைப் போட்டு மூடிவிட்டு அதன்மேல் பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள். அப்படிப் படுத்தவன்தான் நான்.

அந்தக் கறுப்பு கையை விட்டுப் போகாது. நகக்கண்ணிலும் ரேகையிலும் தங்கிவிடும். அம்மா சோறு பிசைந்தால் முதல் உருண்டையில் கந்தக வாசம் அடிக்கும். நானும் உதவிக்குத் திரி முறுக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். ஒரு வாத்தியார் தினமும் கையை நீட்டச் சொல்லி, எல்லாரும் பார்க்க, "போயி நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வா" என்று வெளியே அனுப்புவார். தேய்த்துத் தேய்த்து ரத்தம் வந்த நாளும் உண்டு. என் கையில் இருந்த கறுப்பில் எது மருந்து, எது தோல் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை.

நான் ஒன்பதாவது படித்தபோது பங்குனி வெயிலில் காய்ந்துகொண்டிருந்த திரி பற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்தது சின்னம்மா. அஞ்சாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஏஜென்ட் ராத்திரியோடு வந்து காரியச் செலவுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனார். எந்த ஆபீசுக்கு அந்தத் திரி என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. செய்த வேலை சட்டத்துக்கு விரோதம் என்பதால் செத்ததும் கணக்கில் வரவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது கணக்கில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் செத்தவர்கள் கணக்கில் இருக்கிறார்கள். எங்கள் சின்னம்மாவைப் போலத் திண்ணையில் வெந்தவர்களை யார் எண்ணினார்கள்?

அம்மா அன்றோடு திரியை விட்டாள். "நீ இந்தக் கறுப்பையே தொடாத வேலைக்குப் போயிருடா" என்று சொல்லித்தான் 1988-இல் என்னை மதுரைக்கு பஸ் ஏற்றினாள். போய்ச் சேர்ந்த இடம் பெயிண்ட் பட்டறை.

அங்கே மேஸ்திரி ஒரு பாய். நான் எந்தத் தெரு என்று அவர் கேட்கவே இல்லை. முதல் ரெண்டு வருசம் கன் கழுவுவது, பட்டி தேய்ப்பது, பேப்பர் ஒட்டுவது. வெள்ளை வண்டியை என்னிடம் விடுவார், கறுப்பு வண்டியைத் தொட விடமாட்டார். ஏன் பாய் என்று கேட்டதற்கு, "வெள்ளையில நீ செஞ்ச தப்ப வண்டிக்காரனே பாக்க மாட்டான். கறுப்புல ரோட்டுல போறவன் பாத்துருவான்" என்றார். அந்தக் காலத்து ஆபீசர் கார் எல்லாம் வெள்ளை அம்பாசிடர். உள்ளே பட்டி எவ்வளவு மேடுபள்ளமாக இருந்தாலும் வெள்ளை மூடிக்கொள்ளும். கறுப்பு அப்படி இல்லை. டென்ட் சரியாக எடுக்கவில்லை என்றால் ட்யூப்லைட் வெளிச்சம் அதில் நெளிந்து காட்டும். கரடான பேப்பரால் தேய்த்த கோடு வெயிலில் எழுந்து நிற்கும். ஒரு தூசி விழுந்தாலும் கண்ணில் குத்தும்.

ஒரு நாள் பாய் மூணு தகரத் துண்டில் மூணு டப்பாக் கறுப்பை அடித்துக் காயவைத்து, "எது கறுப்பு?" என்றார். மூணும் கறுப்புதான் என்றேன். வெளியே கொண்டுபோய் உச்சி வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று காப்பித்தூள் மாதிரி செம்மை ஓடியது. ஒன்று சாம்பல் பூத்த மாதிரி. ஒன்றுதான் கண்ணை உள்ளே இழுத்தது. கறுப்பைக் கறுப்போடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று அன்றைக்குத் தெரிந்தது. வெள்ளையோடு வைத்துப் பார்த்தால் எல்லாக் கறுப்பும் ஒன்றுதான். நம்மைப் பார்க்கிறவர்களும் அப்படித்தானே பார்க்கிறார்கள்.

தொழிலில் இருக்கிற தம்பிகளுக்கும் உதவும் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டிக் கறுப்புக்குள் இருப்பது கார்பன் பிளாக். எண்ணெயைப் போதிய காற்றில்லாமல் உலையில் எரித்து எடுக்கிற புகைக்கரி. எங்கய்யா மூட்டத்தில் செய்ததற்குத் தூரத்துச் சொந்தம். டயரில் இருப்பதும் இதன் வகைதான். துகள் எவ்வளவு பொடியோ அவ்வளவு ஆழமான கறுப்பு, அடியில் ஒரு நீலம் தெரியும். துகள் பெருசானால் கறுப்பு வெளிறும், செம்மை தட்டும். கடையில் ஷேடு கலக்கிறதுக்கென்று வைத்திருக்கிற லேசான கறுப்பு வேறு, தனியாக அடிக்கிற அடர்ந்த கறுப்பு வேறு. விலை குறைவு என்று முதலாவதை வாங்கி முழு வண்டிக்கும் அடித்துவிட்டு, வெயிலில் நிறுத்தியதும் தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடியில் வெளிர் பிரைமர் அடித்து அதன்மேல் கறுப்பு போடக்கூடாது. கல் பட்டால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அடர்ந்த சாம்பல் பிரைமர்தான் சரி. அதன்மேல் கறுப்பை லேசாகத் தூவி, காய்ந்தபின் தேய்த்துப் பார்த்தால் பள்ளம் இருக்கிற இடத்தில் கறுப்பு அப்படியே தங்கி, இங்கே வேலை பாக்கி என்று காட்டிக் கொடுக்கும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் வேகமாகக் காய்கிற தின்னர் போட்டால், கன்னிலிருந்து கிளம்பிய துளி தகட்டில் விழுவதற்குள்ளேயே காய்ந்து, சொரசொரப்பாக, தூசி படிந்த மாதிரி ஆகிவிடும். மெதுவாகக் காய்கிற தின்னர் வேண்டும். ஐப்பசி மழையில் பழைய டூக்கோ அடித்தால் ஈரம் இறங்கி, கறுப்பின்மேல் பால் தெளித்த மாதிரி வெள்ளை படரும். முந்தின வண்டிக்கு சில்வர் அடித்த கன்னைச் சரியாகக் கழுவவில்லை என்றால் அலுமினியத் துகள் கறுப்புக்குள் நட்சத்திரம் மாதிரி மினுங்கும். அதைப் பார்க்கிறபோதெல்லாம், பயர் ஆபீஸ் வேனிலிருந்து சாயங்காலம் உடம்பெல்லாம் அலுமினியப் பவுடர் பூசி வெள்ளிச் சிலை மாதிரி இறங்கி வருகிற எங்கள் தெருப் பெண்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

டூக்கோ என்றேன். அதற்கும் ஒரு கதை உண்டு. 1914 முதல் 1925 வரை ஃபோர்டின் மாடல் டி கார் கறுப்பில் மட்டும்தான் வந்தது. உலகத்திலேயே அதிகமாக ஓடிய காருக்கு ஒரே நிறம். பிறகு 1920-களில் டூக்கோ வந்து நிறங்களைக் கொண்டுவந்தது. அதைச் செய்த டூபான்ட், 1802-இல் வெடிமருந்து செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்கிற நைட்ரோ செல்லுலோஸ்தான் புகையில்லாத துப்பாக்கி மருந்துக்கும் மூலம், டூக்கோவுக்கும் மூலம். இதைப் படித்த அன்றைக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. கருந்திரியிலிருந்து தப்பிக்க அம்மா என்னை அனுப்பியது மருந்தின் பங்காளி வீட்டுக்குத்தான். இப்போது வருகிற பெயிண்டில் அது போய் ஹார்ட்னர் வந்திருக்கிறது. அதிலுள்ள ஐசோசயனேட் மூச்சில் ஏறினால் ஆஸ்துமா. மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டால் அது நிற்காது. முறையான மாஸ்க் வாங்க முடியாத பட்டறைகளில் யார் வேலை செய்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த வண்டிக்கு வருகிறேன். வெளுத்துப்போன பெரிய கார். வீட்டில் கல்யாணம், அதற்குள் கன்னங்கரேலென்று வேண்டும் என்றார். "ஒங்க கலர்ல" என்று சிரித்து முடித்ததும், நான் உள்ளே போய் பாயிடம் கற்ற மாதிரியே மூணு தகரத்தை எடுத்துவந்து வெயிலில் வைத்தேன். "இதுல எங்க கலர் எதுன்னு சொல்லுங்க, அதையே அடிச்சிருவோம்" என்றேன். என் கையை முதல் தகரத்துக்குப் பக்கத்தில் நீட்டினேன். "ஒங்க கையையும் வைங்க." சிரித்துக்கொண்டேதான் வைத்தார். நல்ல கறுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் உலகத்தில் யார் கையும் கறுப்பு இல்லை. ரெண்டு கையும் ஒரே கரிசல் வெயிலில் காய்ந்த கை. ரெண்டும் மண் நிறம். கூட வந்தவர்களில் ஒருத்தர் இருமினார். அவர் கையை எடுத்துக்கொண்டு, "என்னமோ செய், வெரசா முடி" என்று கிளம்பிவிட்டார்.

சிவந்த பறையனையும் கறுத்த பாப்பானையும் நம்பாதே என்று ஒரு பழமொழியை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். நிறத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிற பயத்தில் பிறந்த பழமொழி அது. எங்கள் பக்கத்தில் எல்லாச் சாதியும் கறுப்புதான். அதனால்தான் ஆளைப் பார்த்ததும், "எந்தூரு, எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். நிறம் சொல்லாததைத் தெரு சொல்லிவிடும்.

எட்டு நாள் வேலை. தகட்டுவரைக்கும் தேய்த்து, பட்டி வைத்து, பிரைமர் அடித்து, எண்ணூறாம் நம்பர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, விடிகாலையில் கறுப்பு அடித்தேன். மூணு கோட். பேஸ் கோட் காய்ந்ததும் பார்த்தால் யாருக்கும் பிடிக்காது. மினுக்கம் இருக்காது, சிலேட்டுப் பலகை மாதிரி மங்கிக் கிடக்கும். அக்கா மகன், "என்ன மாமா, நல்ல கறுப்பு வாங்கியும் இப்பிடி இருக்கு" என்றான். அவனைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கரிசல் காட்டைக் காட்டினேன். கோடையில் வெடித்துக் கிடக்கிற கரிசல் சாம்பலாகத்தான் தெரியும். ஒரு மழை விழட்டும், யானைத்தோல் மாதிரி கறுக்கும். மண் மாறவில்லை. காய்ந்தபோது மேல்பரப்பின் சொரசொரப்பில் வெளிச்சம் சிதறி வெளுப்பாகக் காட்டியது, தண்ணீர் அந்தச் சொரசொரப்பை மூடியதும் உள்ளே இருந்த கறுப்பு தெரிகிறது. கிளியர் கோட் செய்வதும் அதைத்தான். அது கறுப்பைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற கறுப்பைக் காட்டுகிறது. அடியில் நல்ல கறுப்பு இல்லையென்றால் எத்தனை கிளியர் அடித்தாலும் வெயிலில் செம்மை வெளியே வந்துவிடும்.

கிளியர் அடித்துக் காய்ந்ததும் பையன்கள் ரெண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். வேப்பமரம், கரண்ட் கம்பி, தகரக் கூரை எல்லாம் வண்டிக்குள் இருந்தது. 2014-இல் வான்டாபிளாக் என்று ஒன்று வந்தது. விழுகிற வெளிச்சத்தை ஏறக்குறைய முழுக்க விழுங்கிவிடும். 2019-இல் அதே வகைப் பூச்சு ஒன்றை பி.எம்.டபிள்யூ ஒரு காருக்கு அடித்துக் காட்டினார்கள். படத்தில் பார்த்தால் காரின் வளைவே தெரியவில்லை, சாலையில் கார் வடிவத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. அதுதான் உண்மையான கறுப்பு என்றால் அதை யாரும் என்னிடம் கேட்டு வரவில்லை. கறுப்பு வண்டி கேட்கிறவர் கேட்பது தன் முகம் தெரிகிற கண்ணாடியை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் கறுப்பு நிற்கவேண்டும். அது வெளியே தெரியக்கூடாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் போன் செய்தார். "வண்டிய நீயே எடுத்துட்டு வந்துரு. ஆனா உள்ள வர வேணாம். தெரு முக்குலயே நிப்பாட்டு, பையன் வந்து எடுத்துக்கிடுவான். விசேச வீடு பாரு, ஆளுக ஒரு மாதிரி பேசுவாங்க." கோபமாகச் சொல்லவில்லை. டீ வாங்கிட்டு வா என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எட்டு நாள் அந்த வண்டியின் ஒவ்வொரு அங்குலத்தையும் என் உள்ளங்கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத்தான் தெரியும். என் கை படாத இடம் அதில் இல்லை. அந்த வண்டி அந்தத் தெருவுக்குள் போகலாம், மாப்பிள்ளையும் பெண்ணும் அதில் உட்காரலாம், அதற்குச் சந்தனம் வைக்கலாம். நான் மட்டும் முக்கில் இறங்கிவிட வேண்டும்.

"வண்டி பட்டறையிலதான் நிக்கும். பாக்கியக் குடுத்துட்டு நீங்களே வந்து எடுத்துக்கோங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "பெரிய ஆளாயிட்ட" என்று போனை வைத்தார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆள் வந்தது. அவர் வரவில்லை, மகனை அனுப்பினார். பேசியதில் ரெண்டாயிரம் குறைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து என் பட்டறைக்கு வண்டி வருவது நின்றுபோனது. நஷ்டம்தான். ஆலங்குளம் மாதிரி ஊரில் ஒரு தெரு வராவிட்டால் வயிற்றில் தெரியும். இதை வீரமாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

1945-இல் பெரியார் கருஞ்சட்டைப் படை தொடங்கினார். திராவிடர் கழகக் கொடியில் கறுப்பு நம் இழிவைக் குறிக்கும், நடுவிலிருக்கும் சிவப்பு அதை நீக்குகிற புரட்சியைக் குறிக்கும் என்பார்கள். சட்டை போட்டவர்களை மதிக்கிறேன். நானும் போட்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி உண்டு. கறுப்பு ஏன் இழிவுக்கு அடையாளமாக இருக்கணும்? 1966-இல் அமெரிக்காவில் பிளாக் பேந்தர்ஸ் கிளம்பியபோது அந்தச் சொல்லைத் துக்கமாகச் சொல்லவில்லை. அவர்களைப் பார்த்து 1972-இல் பம்பாயில் நம் தோழர்கள் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சட்டையைக் கழற்றி வைக்கலாம். எங்கய்யாவின் கரியும், எங்கம்மாவின் திரியும், என் நகக்கண்ணும் கழற்றி வைக்கிற நிறம் இல்லை. அது உழைப்பு படிந்த நிறம். இழிவு அந்தத் தெரு முக்கில் இருக்கிறது. அதற்கு எந்த நிறமும் இல்லை.

அம்மா சாகிறதுக்கு ஒரு வருசம் முன்னால் பட்டறைக்கு வந்தாள். அப்போது ஒரு கறுப்பு ஜீப்பை முடித்து வைத்திருந்தேன். கிட்டத்தில் போய், குனிந்து, முகத்தைப் பார்த்து முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "கறுப்பத் தொடாதன்னு சொன்னேன், அதையே புடிச்சிக்கிட்டுக் கெடக்க" என்றாள். பிறகு, "இது பத்திக்கிடாதுல்ல?" என்று கேட்டாள். தின்னர் டப்பாக்கள் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. பத்தாதும்மா என்று பொய் சொன்னேன்.

அந்த மூணு தகரமும் இன்னும் பட்டறையில் இருக்கின்றன. நல்ல கறுப்புத் துண்டின்மேல் மிச்சமிருந்த கிளியரை அடித்துச் சுவரில் ஆணி அறைந்து மாட்டியிருக்கிறேன். ஷேடு பார்க்க வருகிறவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். அக்கா மகன் இப்போது ஐ.டி.ஐ.யில் படிக்கிறான், சாயங்காலம் வந்து வேலை செய்கிறான். வீட்டுக்குப் போகும் முன்னால் அந்தத் தகரத்துக்கு முன்னால் நின்றுதான் தலை சீவுவான். போன வாரம் ஒரு கறுப்பு வண்டியை முதல்தடவையாக அவனையே அடிக்க விட்டேன். ரெண்டு இடத்தில் வழிந்துவிட்டது. தேய்த்துவிட்டுத் திரும்ப அடி என்றேன். அடித்துக்கொண்டிருக்கிறான்.